ஸ்லாவாவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை

நோவி சாத் ஊரில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் "வணக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். அதற்குப் பிறகு இறங்குகிற மாடி வரும்வரை வாயில் கொழுக்கட்டைதான். லிஃப்ட் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட த்ராய்கோவுக்கு இது எட்டு மாதமாக நெஞ்சில் தைத்த முள். அவன் பிறந்து வளர்ந்த வ்ரான்யே தெற்கே கோடியில் இருக்கிறது. அங்கே ஒருத்தரோடு லிஃப்டில் ஏறினால் நாலாவது மாடி வருவதற்குள் அவருடைய மாமனார் ஊர், முட்டி வலி, மகனுக்குப் பார்த்திருக்கிற பெண், எல்லாம் தெரிந்துவிடும். கதை முடியாவிட்டால் கதவு மூடாதபடி காலைக் கொடுத்து நிறுத்திக் கேட்டுக்கொள்வார்கள். வ்ரான்யேயில் பாதி லிஃப்டுகள் பழுதாவதே இதனால்தான் என்று அவன் பெருமையாகச் சொல்வான்.

அவன் மனைவி தெசங்காவுக்கு நோவி சாத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அதனால்தான் ஏப்ரலில் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரைவிட்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்ததை த்ராய்கோ கடல் கடந்து வந்ததாகவே நினைத்தான். வந்தவன், கட்டிடத்தில் இருந்த எல்லோருக்கும் சிரிப்பையும் விசாரிப்பையும் வாரி இறைத்தான். அவர்களும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கத்தான் இல்லை.

"சுவத்துக்கிட்டப் பேசினாலாவது எதிரொலி வரும்" என்றான் நவம்பரில் ஒருநாள். "பழைய முதலாளி போன் பண்ணாரு. புது வருஷத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். நான் வரேன்னு சொல்லப்போறேன்."

தெசங்கா கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் சமைக்காமல் இருந்தாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலாவின் நாள், த்ராய்கோ வீட்டு ஸ்லாவா. அன்றைக்கு இந்த ஊர்க்காரர் ஒருத்தராவது அவர்கள் வாசப்படியை மிதித்தால் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் ஜனவரியில் வ்ரான்யே.

"ஆனா ஒண்ணு" என்று விரலை நீட்டினான். "கூப்பிட்டு வந்தா கணக்குல வராது."

அது அவனாகக் கண்டுபிடித்த சட்டம் இல்லை. ஒரு குடும்பத்துக்கென்று ஒரு புனிதர், அவருக்கென்று ஆண்டில் ஒரு நாள், அன்றைக்கு வீட்டுக் கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் தாமாக வருவார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், 'நான் கூப்பிடாவிட்டால் நீ வரமாட்டாய்' என்று முகத்தில் அடித்த மாதிரி. வ்ரான்யேயில் கூப்பிட்டவனும் கெட்டான், கூப்பிடும்வரை காத்திருந்தவனும் கெட்டான்.

தெசங்கா தலையாட்டினாள். வேறு வழி இல்லை.

அவளுக்கு ஏன் இந்த ஊர் இத்தனை பிடித்துப்போனது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, த்ராய்கோவிடமும் கூட. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. வ்ரான்யேயில் ரொட்டிக்கடைக்காரி மீதிச் சில்லறையோடு "டாக்டர் என்ன சொன்னாரு கண்ணு?" என்பதையும் சேர்த்துக் கொடுப்பாள். தபால்காரர் ஒரு மூலிகையின் பெயர் சொல்வார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள் இவள் வயிற்றில் கைவைத்துப் பிரார்த்தனை செய்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போவாள். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் இன்னும் கொடுமை, திட்டக்கூட முடியாது. நோவி சாத் மருத்துவமனையில் முதல் நாள் கூட வேலை செய்கிறவள் கேட்ட ஒரே கேள்வி, "டீயா, காபியா?" தெசங்கா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியில் அழுதாள்.

ஸ்லாவாவுக்கு முந்தின நாள் லிஃப்டில் ஐந்தாம் மாடி எவ்கெனியா அம்மாள் ஏறினார். நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டு, முதுகு வளையாமல் நிற்கிறவர். எட்டு மாதத்தில் வணக்கத்தைத் தவிர இன்னொரு சொல் அவரிடமிருந்து உதிர்ந்ததில்லை. தெசங்காவுக்கு 'நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்கம்மா' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. கடைசியில், "இன்னிக்குக் குளிர் ஜாஸ்திம்மா" என்றாள்.

"ஆமாங்க" என்றார் எவ்கெனியா அம்மாள், கதவைப் பார்த்தபடி.

மறுநாள் காலையிலேயே லிஃப்ட் நின்றுபோனது. ஜனங்கள் பெருமூச்சு விட்டபடி படியேறுவது கேட்டது. த்ராய்கோ நினைத்தால் அரைமணி நேரத்தில் சரிசெய்திருப்பான். ஆனால் தன் புனிதரின் நாளில் அவன் திருப்புளியைத் தொடமாட்டான். அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதே அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது. தொழில் என்ன என்று யாராவது கேட்டிருந்தால்தானே!

நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, பால் கிடையாது. அதற்கெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி சமைத்திருந்தாள் தெசங்கா. முழு மீன்கள், வெங்காயத்தோடு அடுப்பில் வெந்த வெள்ளை பீன்ஸ், அரிசியும் வால்நட்டும் வைத்துச் சுருட்டிய கோஸ் இலைகள், சுட்ட மிளகாய். மேஜை நடுவில் மெழுகுவர்த்தி. அதன் பக்கத்தில் வேகவைத்து இடித்துச் சர்க்கரை சேர்த்த கோதுமை. வருகிறவர்கள் முதலில் அதில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். கதவை விரியத் திறந்துவைத்தான் த்ராய்கோ. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றான். ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுதான் உபசரிக்க வேண்டும். உபசரிக்க ஆளில்லாவிட்டாலும் நின்றான்.

மத்தியானம் போயிற்று. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவன் கழுத்து நீளும். காலடி அவர்கள் கதவுக்கு எதிரே வந்ததும் ஒரு கணம் தயங்கும், பிறகு நுனிக்காலில் நடப்பது போல மெதுவாகக் கடந்துபோகும். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

"உட்காரேன்" என்றாள் தெசங்கா.

"சாமி பார்த்துக்கிட்டிருக்கு" என்றான். அவன் குரலில் கோபம் இல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் ஏற்கெனவே மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், கையில் ஒயின் பாட்டில். பக்கத்தில் குட்டையான மனைவி, கையில் பூங்கொத்து.

"வரலாமுங்களா?" என்றார் மனிதர்.

த்ராய்கோவுக்குப் பேச்சு வரவில்லை. அவனுக்குப் பேச்சு வராமல் போனதைத் தெசங்கா பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷமே வந்துவிட்டது.

"வாங்கண்ணே! வாங்க மதினி! ஏன் வாசல்லயே நிக்கிறீக? இது உங்க வீடு! தெசங்கா, கோட்டை வாங்கு! அண்ணனுக்கு மூச்சு வாங்குது, நாற்காலியைப் போடு!"

"ராதிவோய்ங்க" என்றார் அவர், கையை நீட்டி. "இவங்க ஸ்மில்யா. வீட்டுக்காரருக்கு ஸ்லாவா நல்லபடியா அமையட்டுங்க."

வந்தவர்கள் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்கள். த்ராய்கோ பிளம் சாராயத்தை ஊற்றினான். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் கொள்ளுத்தாத்தாவரை தோண்டியிருப்பான். ஸ்லாவாவுக்கு வந்தவரிடம் அதைக் கேட்டால் பாவம். அவரும் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. நோவி சாத்தில் யாரும் யாரையும் அதைக் கேட்பதில்லை. இப்படி, கேட்கக் கூடாத ஒருவனும் கேட்கத் தெரியாத ஒருவரும் கண்ணாடிக் கிண்ணத்தை இடித்துக்கொண்டு குடித்தார்கள்.

ஸ்மில்யா பூங்கொத்தோடு சமையலறைக்கு வந்தாள். "இதை எவ்கெனியா அம்மாகிட்டக் கொடுக்கணும். அவங்க எங்கீங்க? நீங்க அவங்க மகளுங்களா?"

தெசங்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அவங்க வீட்டுக்காரர் லாசர் சாரும் எங்க வீட்டுக்காரரும் ஒரே ஆபீஸ்தானுங்க" என்று தொடர்ந்தாள் ஸ்மில்யா. "நாங்க புதுசா மாற்றலாகி வந்தோம். அவசியம் வரணும்னு ரெண்டு தடவை கூப்பிட்டாருங்க. கோயில்ல இருந்து ரொட்டி வாங்கிட்டு வரக் கொஞ்சம் லேட்டானாலும் ஆகும், நீங்க பாட்டுக்குப் போய் உட்காருங்கன்னாரு. அஞ்சாவது மாடி, இடது பக்கம்... லிஃப்டும் இல்லீங்களா, எண்ணி எண்ணி ஏறினோம்."

எண்ணினார்கள்தான். தெரு மட்டத்துக்கு மேலே பத்துப் படி ஏறினால் ஓர் அரைமாடி உண்டு. அதையும் ஒன்று என்று எண்ணி, ஒரு மாடி கீழே, நாலாவதிலேயே நின்றுவிட்டார்கள். அதே இடது பக்கம், அதே புனிதர், அதே மெழுகுவர்த்தி. கதவு வேறு திறந்தே கிடந்தது.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று தெசங்கா வாயைத் திறந்தாள். கூடத்திலிருந்து த்ராய்கோவின் சிரிப்பு கேட்டது. எட்டு மாதமாகக் கேட்காத சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு பூவை வாங்கி ஜாடியில் வைத்தாள்.

"அவங்க... வந்துடுவாங்க" என்றாள். பொய் இல்லை. என்றைக்காவது ஒருநாள் வரத்தானே போகிறார்.

அதன்பிறகு அவளுக்கு ஒவ்வொரு நிமிஷமும் அடுப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ராதிவோய் முதல் கிண்ணத்தில் வானிலையைப் பற்றிப் பேசினார். இரண்டாவது கிண்ணத்தில் தன் இளமையில் தான்யூப் நதியில் படகுப் போட்டியில் தோற்றதைச் சொன்னார். மூன்றாவதில், எதிர்ப் படகுக்காரனுடைய தங்கையைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டதாகச் சொல்லி மேஜையைத் தட்டினார். "இருபத்தேழு வருஷத்துல இவரு இந்தக் கதையை வெளியாளுங்ககிட்டச் சொல்லி நான் கேட்டதே இல்லீங்க" என்று ஸ்மில்யா வாயைப் பொத்திக்கொண்டாள். நாலாவது கிண்ணத்தில் இருவரும் பாட ஆரம்பித்தார்கள். த்ராய்கோ தெற்கத்திப் பாட்டை இழுத்து இழுத்துப் பாட, வார்த்தை தெரியாத ராதிவோய் கண்ணை மூடிக்கொண்டு கூடவே இழுத்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, வராத விருந்தாளிகளைத் தேடிக்கொண்டு இறங்கிய எவ்கெனியா அம்மாள் வாசலில் வந்து நின்றார். வெள்ளிச் சரிகை போட்ட கறுப்பு உடை, அதற்கு மேல் சமையல் ஏப்ரன்.

"ராதிவோய்ங்களா?" என்றார், நம்பாமல்.

பாட்டு நின்றது.

"மேடம்!" என்று எழுந்த ராதிவோய், "இப்பத்தான் வரீங்களா? உங்க மருமகப்பிள்ளை எங்களை அருமையாக் கவனிச்சுக்கிட்டாருங்க" என்றார்.

"எனக்கு மருமகப்பிள்ளை இல்லீங்களே. என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. எங்க வீடு மேல் மாடி."

ஸ்மில்யாவின் முகம் சுட்ட மிளகாய் போலச் சிவந்தது. ராதிவோய் தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தான் தின்று தீர்த்த மீனின் முள்ளைப் பார்த்தார். த்ராய்கோ ஒருவரையும் பார்க்கவில்லை. "அப்போ நீங்க எங்க வீட்டுக்கு வரல" என்றான் மெதுவாக. பிறகு, காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவன், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

ஸ்லாவா வீட்டுக்காரன் உட்கார்ந்துவிட்டான். எவ்கெனியா அம்மாளுக்கே அது பொறுக்கவில்லை. "எழுந்திரிங்க, எழுந்திரிங்க, மெழுகுவர்த்தி எரியுது" என்றார்.

அவன் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனான். தெசங்கா பின்னாலேயே போனாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"பூவைக் கொடுத்தப்பவே."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் அவளையே பார்த்தான். "பொய் சொல்ற அளவுக்கு இந்த ஊர் உனக்குப் பிடிச்சிருக்கா? என்ன இருக்கு இங்க? ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கமாட்டேங்கிறான்!"

"அதுதான்" என்றாள் தெசங்கா. "ஒருத்தரும் கேக்கமாட்டேங்கிறாங்க. ரொட்டி வாங்கப் போனா ரொட்டியை மட்டும் வாங்கிட்டு வரேன் த்ராய்கோ. உனக்குத் தெரியாது. உன்கிட்ட யாரும் கேட்டதில்ல, எல்லாரும் என்கிட்டத்தான் கேட்டாங்க. ஆறு வருஷமா, தினம்."

த்ராய்கோ கொதிக்கிற பீன்ஸை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான்.

"எங்கம்மாவுமா?"

"அத்தை கேட்டதே இல்ல. பார்ப்பாங்க, அவ்வளவுதான்."

த்ராய்கோ சுவரில் சாய்ந்துகொண்டான். ஊரே அன்பாக விசாரிக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை விசாரிப்பும் அவளிடம் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். சமாதானம் சொல்ல ஆரம்பித்திருந்தால் அவள் அழுதிருப்பாள். நல்லவேளை, அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது தடவையாகப் பேச்சு வரவில்லை.

கூடத்தில் ராதிவோய்க்கும் எவ்கெனியா அம்மாளுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"கோதுமையில கரண்டி வெச்சாச்சுங்க. இனி நான் இந்த வீட்டு விருந்தாளி. பாதியில எந்திரிச்சா இவங்க சாமிக்கு அவமரியாதைங்க."

"அப்போ எங்க சாமிக்கு?"

"ஒரே சாமிதானுங்களே!"

சமையலறையிலிருந்து வந்த த்ராய்கோ கோதுமைத் தட்டை எவ்கெனியா அம்மாள் முன்னால் நீட்டினான். வாசலைத் தாண்டியவருக்குக் கொடுக்காமல் விட அவனால் முடியாது, மனசு உடைந்திருந்தாலும். அவர் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார், பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில இருந்து இந்தக் கட்டிடமே உங்க வீட்டு வாசனையில கிறங்கிக் கிடக்குது. மூணாம் மாடியில குழந்தைங்க படியில வந்து உட்கார்ந்துக்கிச்சுங்க. எல்லாரும் நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தோம். ஏனுங்க, இப்படிக் கதவைத் திறந்து வெச்சுட்டு ஒரு வார்த்தை கூப்பிடக்கூடாதுங்களா? எங்களை ஆகாதுன்னு நினைச்சுட்டோம்."

"கூப்பிடுறதா?" த்ராய்கோ அதிர்ந்துபோனான். "ஸ்லாவாவுக்கா? எங்கூருல அப்படிக் கூப்பிட்டா செருப்பால அடிப்பாக!"

"எங்க ஊர்ல கூப்பிடாம போனா அதேதானுங்க."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஸ்மில்யா. பிறகு ராதிவோய். கடைசியாக, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, எவ்கெனியா அம்மாளின் கொண்டை குலுங்கியது.

"நீங்க கூப்பிட வேண்டாம்" என்று எழுந்தார். "உங்க ஊர் மரியாதை உங்களுக்கு இருக்கட்டும். நான் கூப்பிடறேன். கூப்பிடாம வரமாட்டோம்கறவங்களுக்குக் கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, நீங்க கூப்பிடாத மாதிரியும் ஆச்சு."

சொன்னபடியே கீழே இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மூணாம் மாடிக்காரர்கள் குழந்தைகளோடு வந்தார்கள், இரண்டாம் மாடி பல் டாக்டர் வந்தார், ஒவ்வொருவரும் கையில் ஏதோ ஒரு பாட்டிலோடு. எல்லோரும் இதற்காகவே உடுத்திக்கொண்டு காத்திருந்த மாதிரி இருந்தது. மேல் வீட்டில் லாசர் மட்டும் எரிகிற மெழுகுவர்த்தியைத் தனியே விட முடியாமல் படியின் உச்சியில் நின்று, "மீன் கொஞ்சம் மேல அனுப்புங்க!" என்று கூவினார். கீழ் வீட்டு பீன்ஸ் மேலே போயிற்று, மேல் வீட்டு கேக் கீழே வந்தது.

பேச்சுவாக்கில் த்ராய்கோ தன் தொழிலைச் சொன்னான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"லிஃப்ட் மெக்கானிக்குங்களா?" என்றார் பல் டாக்டர். "காலையில இருந்து நான் ஆறு தடவை ஏறி இறங்கியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்க ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாண்ணே?"

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. தெசங்காவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் த்ராய்கோவின் மேலேயே இருந்தது. உடன்பாட்டின்படி பார்த்தால் அவள் தோற்றுவிட்டாள். ராதிவோய் வந்தது வேறு வீட்டுக்கு. மற்றவர்கள் எவ்கெனியா அம்மாள் கூப்பிட்டு வந்தவர்கள். அந்த வீட்டுக்கென்று, தானாக, ஒரு ஆளும் வரவில்லை. பழைய முதலாளிக்குப் போன் செய்ய அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் அதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். சொல்ல வேண்டியதை அடுப்படியில் சொல்லியாகிவிட்டது.

விருந்தாளிகள் கிளம்ப எழுந்தார்கள். ராதிவோய் மேல் வீட்டுக்கும் போய்த் தலைகாட்டிவிட்டு வந்து, கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எவ்கெனியா அம்மாள் வாசலில் நின்று, மறுபடியும் முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடுங்க. அடுத்த வருஷம் நாங்க எப்படி வரணும்? கூப்பிட்டா, கூப்பிடாமலா? இன்னொரு தடவை இப்படி வாசனையை மோந்துட்டு உட்கார்ந்திருக்க எங்களால ஆகாதுங்க."

த்ராய்கோ நின்றான். வ்ரான்யேயில் அவன் அப்பா யாரையும் கூப்பிட்டதில்லை, தாத்தா கூப்பிட்டதில்லை. தெசங்கா தட்டுகளை அடுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அவள் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"கூப்பிடுறேம்மா" என்றான். "இப்பவே கூப்பிடுறேன், எல்லாரையும். அடுத்த வருஷம் இதே நாள், இதே வீட்டுக்கு வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்."

தட்டுகளை மேஜையிலேயே விட்டுவிட்டு, தெசங்கா அத்தனை பேருக்கு முன்னாலும் போய் அவன் புதுச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நோவி சாத்காரர்கள் மரியாதையாகக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.